விதேனிஸ் எவ்வளவு பெறுவான்

அரையிறுதியில் தோற்ற சோர்வே இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. அதற்குள் ப்ரோனியுஸ் என்னைத் தன் இறைச்சிக் கம்பெனிக்கு வரச் சொல்லிவிட்டார். எங்கள் ஊர்க் கூடைப்பந்து கிளப்பின் தலைவர் அவர். அரங்கத்திலேயே கிளப்புக்கு ஓர் அலுவலகம் உண்டு. ஆனாலும் பணப் பேச்செல்லாம் கம்பெனி மாடியில்தான் நடக்கும். கீழே இறைச்சிக்குப் புகைபோடும் வாசனை படியேறி வந்து, பேசுகிறவர்களின் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை கூடவே வரும்.

"விதேனிஸ் எவ்வளவு பெறுவான்?" என்றார், நான் நாற்காலியை இழுப்பதற்கு முன்பே.

அந்தக் கிளப்பில் நான் விளையாட்டு இயக்குநர். பதவியின் பெயர்தான் பெரிது. யாரை எடுக்கலாம், யாரை விடலாம், யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்வது என் வேலை. அதைக் கேட்பதும் கேட்காததும் அவர் இஷ்டம். லித்துவேனியாவில் எங்களதைப் போன்ற சின்ன ஊர்க் கிளப்புகளில் கோடைக்காலம் முழுவதும் இதே கதைதான். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் யாருக்கும் கட்டுப்பட்டவனில்லை. யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம், அவன் எங்கே வேண்டுமானாலும் போகலாம். அதனால் ஆளுக்கு ஆள் ஒரு விலை சொல்லிக்கொண்டிருப்போம். எத்தனையோ பேருக்கு விலை சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஆனால் விதேனிஸுக்கு நான் விலை சொல்வது அதுதான் முதல் தடவை; அதற்குமுன் தலைவரே அவனிடம் நேரில் பேசி முடித்துவிடுவார்.

அவன் எங்கள் அணித்தலைவன். அப்போது முப்பத்துநாலு வயது. என் முழங்கால் போய் நான் ஆட்டத்தை விடும்வரை ஐந்து வருடம் இருவரும் ஒரே அணியில் ஆடினோம். வெளியூர்ப் பயணங்களில் ஒரே அறை. அவன் குறட்டையின் தாளம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். என் மனைவி என்னை விட்டுப் போன வருடம், குளிர்காலம் முழுக்க அவன் வீட்டு சோபாவில்தான் படுத்திருந்தேன்.

"பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

சமையலறை மேசையில் கணினியை வைத்துக்கொண்டு அந்த வருடத்து ஆட்டங்களை மறுபடியும் பார்த்தேன். எத்தனை புள்ளி எடுத்தான் என்று எல்லோரும் பார்ப்பார்கள். நான் பார்த்தது வேறு. குதித்துவிட்டு இறங்கும்போது எந்தக் கால் முதலில் தரையைத் தொடுகிறது, பெஞ்சிலிருந்து எழும்போது கை எங்கே ஊன்றுகிறது, ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் இடதுபக்கமாக நகர வேண்டி வந்தால் என்ன செய்கிறான். எப்போதும் வலது காலில்தான் இறங்கினான். இடது கணுக்காலில் இரண்டு அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. இடதுபக்கம் ஓட வேண்டிய இடங்களில் அவன் ஓடவே இல்லை. எதிரி வரப்போகிற இடத்துக்கு முன்கூட்டியே போய் நின்றுகொண்டான். கால் போய்விட்டது, ஆனால் மூளை கிளம்பிப் போய் அந்த இடத்தில் காத்துக்கொண்டிருந்தது. பார்க்கிறவர்களுக்கு அவன் நிதானமாக ஆடுவதுபோல இருக்கும்.

இன்னொன்றையும் பார்த்தேன். இடைவேளையில் எல்லோரும் வட்டமாக நின்றதும், கோச் வாயைத் திறப்பதற்கு முன் நாலு பேரும் விதேனிஸின் முகத்தைப் பார்த்தார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் அப்படியே. அதற்கு என்ன விலை போடுவது? ஒரு மனிதனை நாள்கணக்கில் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால், சொந்த உடம்பின்மேல் வருவதுபோல அவன்மேலும் ஒரு சலிப்பு வந்துவிடுகிறது. கணினியை மூடினேன்.

"எழுபத்தஞ்சாயிரம். ஒரு வருஷம்" என்று ப்ரோனியுஸிடம் சொன்னேன். முந்தின வருடம் அவன் வாங்கியது தொண்ணூறாயிரம் யூரோ.

"உனக்கு மனசு இளகிப்போச்சு. அமெரிக்காவுல இருபத்திமூணு வயசுப் பையன் ஒருத்தன் இருக்கான், டேரியன்னு பேரு. அறுபதுக்கு வரேங்கறான். ரெண்டு கணுக்காலும் புதுசு."

"கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு ஓடிருவான், தலைவரே. அதுக்கப்புறம் திரும்பி வரமாட்டான்."

"அத அப்பப் பாப்போம். விதேனிஸுக்கு அம்பது."

மறு வாரம் பேச வந்தது விதேனிஸ் இல்லை, அவன் மனைவி நெரிங்கா. நகராட்சி வரி அலுவலகத்தில் வேலை செய்பவள். எண்களுக்குப் பயப்படாதவள். விதேனிஸ் ஏஜென்ட் யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் கமிஷன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அவள்தான் சொல்லியிருந்தாள்.

ப்ரோனியுஸ் எல்லோருக்கும் முதலில் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் பேச்சை எடுப்பார். அன்றும் கம்பெனி உணவகத்திலிருந்து குளிர்ந்த பீட்ரூட் சூப்பும், மேலே சதகுப்பைத் தழை தூவிய வெந்த உருளைக்கிழங்கும் வந்தன.

"சாப்பிடும்மா. பசியோட பேசினா பேச்சு கசந்துபோகும்" என்றார். "விதேனிஸ் எங்க?"

"பசங்கள ஏரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார். இங்க வந்தா நீங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிட்டுப் போவார். போன தடவ அப்படித்தான் ஆச்சு."

"நல்ல பையன். அதான் அவன எனக்குப் பிடிக்கும். சரி, அம்பது."

நெரிங்கா கரண்டியை வைத்தாள். "தொண்ணூறு வாங்கினவருக்கா?"

"அப்ப அவனுக்கு முப்பத்திமூணு வயசு."

"ஒரு வயசு கூடினதுக்கு நாப்பதாயிரம் போயிடுச்சா? அந்தக் கணக்குல பாத்தா, தலைவரே, உங்களையெல்லாம் காசு குடுத்துத்தான் தள்ளிவிடணும்."

ப்ரோனியுஸ் உருளைக்கிழங்கு வாயில் இருக்கும்போதே சிரித்தார். புரையேறி, கண்ணில் நீர் வந்து, துண்டால் துடைத்துக்கொண்டார். ஆனாலும் எண்ணை மாற்றவில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ரோலந்தஸ், நீ எவ்வளவு போட்ட?"

ப்ரோனியுஸும் என்னைப் பார்த்தார். சூப்பில் மிதந்த முட்டைத் துண்டை நான் ஒதுக்கினேன்.

"அது கிளப்போட உள் விஷயம், நெரிங்கா."

"உள் விஷயமா? என் வீட்டு சோபாவுல குளிர்காலம் பூரா படுத்திருந்தியே, அப்ப எது உள்ள, எது வெளியன்னு நான் கேட்டேனா?" அவள் எழுந்துவிட்டாள். "கிரீஸ்ல கேக்கறாங்க. நூறு தரேங்கறாங்க. உங்க சூப்புக்கு நன்றி."

அவள் செருப்புச் சத்தம் படியில் இறங்கிப் போனது.

"கிரீஸாம்!" என்றார் ப்ரோனியுஸ். "ஜூன் மாசம் வந்தா ஒவ்வொருத்தன் பைக்குள்ளயும் ஒரு கிரேக்கன் இருப்பான். ஆகஸ்ட்ல பாரு, தானா வந்து நிப்பான். அதுவரைக்கும் வேகட்டும்." பிறகு தட்டைத் தள்ளிவிட்டு, குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். "ஒருவேளை நெசமாவே யாராச்சும் உன்கிட்ட விசாரிச்சா, கணுக்காலப் பத்திச் சொல்லிரு."

"அவனப் பத்தித் தப்பாச் சொல்லச் சொல்றீங்களா?"

"தப்பாவா? கணுக்கால் கெட்டுப்போனது நெசந்தானே? நெசத்தத்தான் சொல்லச் சொல்றேன். எந்த முதலாளிடா உன்கிட்ட இதுவரைக்கும் நெசம் பேசச் சொல்லியிருக்கான்?"

சட்டையில் புகைவாசனையோடு வீட்டுக்குப் போனேன்.

ஜூலையில் கிரீஸிலிருந்து நிஜமாகவே போன் வந்தது. ஊருக்கு வெளியே இருக்கும் என் சின்னத் தோட்டத்தில், குளிர் தாக்காமல் செடிகளுக்குப் போட்ட கண்ணாடிக் கூரையின் கீழ் வியர்த்துக்கொண்டு வெள்ளரிக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். பேசியவர் கடலோர ஊர்க் கிளப் ஒன்றின் இயக்குநர், ஸ்தாதிஸ். முன்பு ஒருமுறை ஒரு ஆட்டக்காரனை அவருக்கு விட்டுக்கொடுத்திருந்தேன். அதனால் பழக்கம். அவரும் நானும் உடைந்த ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். அவர் குரலிலும் என்னுடைய அதே களைப்பு இருந்தது.

"நண்பரே, உங்க கேப்டனுக்கு நூறு சொல்லியிருக்கோம். கையெழுத்துக்கு முன்னால ஒரு வார்த்த உங்ககிட்ட கேட்டுடலாம்னு தோணுச்சு. கணுக்கால் எப்படி?"

வெள்ளரிக் கூடையைக் கீழே வைத்தேன். சரியாகத்தான் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் விதேனிஸுக்கு நூறாயிரம். மோசம் என்று சொல்லி அதோடு நிறுத்தினால் ப்ரோனியுஸுக்கு அவன் ஐம்பதுக்குக் கிடைப்பான். இரண்டையும் எண்ணிப் பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. கண்ணாடிக் கூரையின் கீழ் மூச்சு முட்டியது. வெளியே வந்து கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்தேன்.

"மோசம். காலையில எழுந்தா படி இறங்க முடியாது. ஜனவரியிலேருந்து காலைப் பயிற்சிக்கு வரல. ரெண்டு ஆட்டம் அடுத்தடுத்து வந்தா ஒண்ணுலதான் ஆட முடியும்."

அவர் பெருமூச்சு விட்டார். "அப்போ வேண்டாங்கறீங்க."

"நான் இன்னும் முடிக்கல" என்றேன். "அவன் களத்துல நிக்கிற நேரம் வேற யாரும் சோம்பேறித்தனம் பண்ணமாட்டாங்க. எங்க சென்டர் ஆட்டக்காரன், அமெரிக்கப் பையன், நவம்பர்ல ஊருக்குப் போறேன்னு அழுதான். தெனமும் அவன் வீட்டு வாசல்ல கார் கொண்டுபோய் நிறுத்தி, கூட்டிட்டுப் போய்ச் சாப்பாடு போட்டு, மே மாசம் வரைக்கும் அவன இழுத்துப் பிடிச்சது விதேனிஸ்தான். அதுக்கு யாரும் அவனுக்குச் சம்பளம் குடுக்கல. காலப் பாத்தா அவன் அரை ஆள்தான். மத்தது ஒண்ணரை ஆள்."

"நீங்களா இருந்தா எடுப்பீங்களா?"

"எழுபத்தஞ்சு குடுங்கன்னு ஒரு மாசமா இங்க கேட்டுட்டிருக்கேன். எங்க தலைவர் அம்பதுலேயே நிக்கறார்."

சொல்லி முடித்த பிறகுதான், கிளப்பின் எண்ணை வெளி ஆளிடம் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது.

"இத ஏன் என்கிட்ட சொன்னீங்க?"

"எடுப்பீங்களான்னு கேட்டீங்க, எவ்வளவு பெறுவான்னு சொன்னேன். என் வேலையே அதுதானே."

அன்று பறித்த வெள்ளரிக்காயை ஊறுகாய் போட எனக்குத் தெம்பு இல்லை. பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

சில நாள் கழித்து விதேனிஸ் தோட்டத்துக்கு வந்தான். காரிலிருந்து இறங்கிய விதத்திலேயே அவன் கோபம் தெரிந்தது. கதவைச் சாத்தக்கூட இல்லை.

"என்னடா சொன்ன அவன்கிட்ட?"

"உள்ளதச் சொன்னேன்."

"நூறு சொன்னவன் இப்ப அறுபத்தஞ்சு சொல்றான். உன் உள்ளது எனக்கு முப்பத்தஞ்சாயிரம் செலவு வச்சிருக்கு, தெரியுமா? ரெண்டு பசங்க இருக்காங்கடா எனக்கு. ஒரே ஒரு பொய். 'நல்லாருக்கு, ஸ்தாதிஸ்' அவ்வளவுதான். நாக்கு அழுகிப்போயிருக்குமா?"

"இறங்கின அன்னைக்கே எக்ஸ்ரே எடுப்பான். எடுத்துட்டு, பசங்களோட, பையோட உன்ன ஏர்போர்ட்லேருந்தே திருப்பி அனுப்புவான்."

"அது என் பாடு! என் கால், என் பாடு. உன்கிட்ட யாரு கேட்டது?"

"அவன் கேட்டான்."

அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தான். ஈரமண்ணில் அவன் இடது கால் நன்றாகப் பதியாமல் இழுத்துப்போன தடம் தெரிந்தது. அதை நான் பார்ப்பதை அவனும் பார்த்துவிட்டான்.

"பாக்காத" என்றான். "எப்பப் பாத்தாலும் அந்தக் கண்ணோட பாக்காதடா. உன்கூட உக்காந்து பீர் குடிச்சாகூட என் கால எடைபோட்டுட்டே இருக்க."

அவன் சொன்னது உண்மைதான். எனக்கு வேறு மாதிரிப் பார்க்க மறந்துபோயிருந்தது. வாளியைக் காட்டினேன். அதன்மேல் உட்கார்ந்தான். நான் மண்ணில் உட்கார்ந்தேன். ரயில்பாதைப் பக்கம் யாரோ புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எத்தன நாளு இருக்கு எனக்கு?" என்று கேட்டான், என்னைப் பார்க்காமலே.

"ஒரு சீசன். அதுவும் முழுசா இருக்காது."

"நெரிங்காவும் அதையேதான் சொல்றா." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "உங்க ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போட்டிருக்கணும் அந்தக் காலத்துல. நல்லாப் பேசிட்டிருந்திருப்பீங்க."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. எழுந்து போய்விட்டான்.

விதேனிஸ் கிரீஸுக்குப் போகப்போகிறான் என்று பத்திரிகையில் செய்தி வந்ததும் ப்ரோனியுஸ் கூப்பிட்டார். அவர் கடைகளில் இறைச்சி வாங்க வருகிறவர்கள் பணத்தைக் கொடுக்கும்போதே "கேப்டன விட்டுட்டீங்களாமே?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அது அவரால் தாங்க முடியாத விஷயம்.

"எழுபத்தஞ்சு தரேன்னு அவன்கிட்ட சொல்லு" என்றார். "உன் எண்ணுதானே? சந்தோஷமா?"

நான் நெரிங்காவுக்குப் போன் செய்தேன். ஸ்தாதிஸ் மூலமாக அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"அன்னைக்கே நீ எழுபத்தஞ்சு போட்டிருக்க. சூப்பு குடிச்சிட்டுப் பேசாம உக்காந்திருந்த."

"ஆமா."

"அன்னைக்கு ஒரு அறுபது சொல்லியிருந்தாக்கூட அவர் கையெழுத்துப் போட்டிருப்பார், ரோலந்தஸ். வெளிய போகணும்னு ஆசையா அவருக்கு? எனக்குந்தான் என்ன, வேலைய விட்டுட்டு பாஷை தெரியாத ஊருக்கு?" பக்கத்தில் பையன்கள் சண்டை போடும் சத்தம் கேட்டது. "இரு, கேக்கறேன்."

வெகுநேரம் காத்திருந்தேன். திரும்பி வந்து, "கிரீஸுக்கே போறாராம்" என்றாள்.

"பத்தாயிரம் கம்மி அங்க. எழுபத்தஞ்சு இங்க, உறுதியா."

"தெரியும். கணக்கு எனக்கும் வரும். வேக விட்டாங்க இல்ல, நான் வெந்துட்டேன்னு சொல்லச் சொல்றார்."

ப்ரோனியுஸ் சொன்னது அவன் காதுக்கு எப்படிப் போனதோ, எனக்குத் தெரியாது. அந்தக் கம்பெனியில் சுவர்கள் மெல்லியவை.

பதிலை ப்ரோனியுஸிடம் நேரில் போய்ச் சொன்னேன். நூறு சொன்ன கிரேக்கர்கள் அறுபத்தைந்துக்கு இறங்கியிருக்கிறார்களே, நம் எண் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். நான்தான் சொன்னேன் என்றேன். அவர் மேசையைத் தட்டவில்லை, கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"நீ எனக்கு வேல செய்றியா, அவனுக்கா?"

"எனக்கே தெரியல, தலைவரே."

"உன்ன அனுப்பிட்டா இப்ப யாரப் போடறது? ஆகஸ்ட் வந்துடுச்சு. டீம்ல பாதி இடம் காலி." ஜன்னல் பக்கம் பார்த்தார். "போ. அந்த டேரியனுக்கு டிக்கெட் போடு."

டேரியன் விஷயத்தில் நான் சொன்னது பொய்த்தது. கிறிஸ்துமஸுக்கு அவன் ஊருக்குப் போகவில்லை. போகவேண்டுமா என்று நானே போய்க் கேட்டபோது, "பனி எனக்குப் பிடிச்சிருக்கு" என்றான். ஆட்டமும் நன்றாகவே ஆடினான். ஆட்டத்துக்கு இருபது புள்ளி எடுத்தான், கூட்டம் அவன் பெயரைக் கத்தியது. ஆனால் இடைவேளை வட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நெருக்கமான ஆட்டங்களையெல்லாம் தோற்றோம். அரையிறுதிக்குப் போகவில்லை. இதற்கு விதேனிஸ் இல்லாததுதான் காரணம் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் நிச்சயமாகத் தெரியாது. இந்தத் தொழிலில் நிச்சயமாகத் தெரிந்தது ரொம்பக் கொஞ்சம்.

கிரீஸில் விதேனிஸ் பிப்ரவரிவரை ஆடினான். ஒருநாள் யாரும் இடிக்காமலே, சும்மா திரும்பி ஓடும்போது கணுக்கால் விட்டுப்போனது. அதோடு ஆட்டம் முடிந்தது. நெரிங்கா போன் செய்து சொன்னாள். காயத்தை மறைத்துக் கையெழுத்துப் போட்டான் என்று அந்தக் கிளப்பின் வக்கீல் ஒப்பந்தத்தை முறிக்கப் பார்த்தாராம். இல்லை, எனக்கு முதலிலேயே தெரியும் என்று ஸ்தாதிஸ் சொல்லிவிட்டாராம். முழுச் சம்பளமும் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்தது.

"அவர் ஒத்துக்கமாட்டார்" என்றாள். "நூறுக்குப் போட்டிருந்தா பிப்ரவரி வரைக்குமே இதுக்கு மேல வாங்கியிருப்பேன்னு கணக்கு சொல்றார். அது தப்புக் கணக்கு. நான் போட்டுக் காட்டிட்டேன். கேக்கல. உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு, சொன்னேன்."

மே மாதம் அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். பழைய வீட்டை விட்டுவிட்டதால் இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு எடுத்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை காலை விதேனிஸிடமிருந்து போன். அந்தத் தோட்டத்துக்குப் பிறகு அவன் குரலை நான் கேட்கவே இல்லை.

"ஃப்ரிட்ஜ் ஏத்தணும். லிஃப்ட் கெடையாது" என்றான். "சாமான் எறக்க வந்தவங்க வாசல்லயே வச்சுட்டுப் போயிட்டானுங்க. வேற யாரும் கெடைக்கல."

போனேன். வாசலில் அந்த ஃப்ரிட்ஜும், அதன்மேல் சாய்ந்து விதேனிஸும் நின்றார்கள். உடம்பு பெருத்திருந்தான். காலில் பட்டைபோட்ட காலணி. நான் அதைப் பார்க்காமல் நேராக ஃப்ரிட்ஜின் அடிப்பக்கம் போனேன்.

"கீழ நான் பிடிக்கிறேன்" என்றேன்.

"உன் முழங்காலுக்கா? மேல போ."

"உன் கணுக்காலுக்கு மட்டும் கீழ நல்லதா?"

"ரெண்டு பேரும் மேல போனா ஃப்ரிட்ஜ் தானா ஏறி வருமாடா?"

கடைசியில் நான்தான் கீழே பிடித்தேன். முதல் வளைவிலேயே மூச்சு வாங்கியது. படியில் இறக்கிவைத்து, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக உட்கார்ந்தோம். மேலேயிருந்து நெரிங்கா எட்டிப் பார்த்து, "ரெண்டு கிழவனுங்களும் உசுரோட இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கோம்" என்று விதேனிஸ் கத்தினான். பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டே, "அந்த விஷயத்துல எனக்கு இன்னும் கோவந்தான்" என்றான்.

"சரி."

"சரின்னு சொல்லாத. பிடி."

பிடித்தேன். அவன் மேலே பின்னோக்கி ஏறினான், வலது காலை முதலில் வைத்து, இடதை அப்புறம் இழுத்து. இரண்டாவது வளைவில் ஒரு மூலை சுவரில் இடித்துச் சுண்ணாம்பு உதிர்ந்தது. அவன் யாரையோ திட்டினான், என்னை இல்லை. இன்னும் ஒரு மாடி பாக்கி இருந்தது.